சடுகுடுக்குச் சம்பளம்

மண்டபத்தில் நான் ரயில் ஏறியபோது எதிர்ப் பலகையில் ஒரு விவசாயியும் அவர் மகனும் இருந்தார்கள். மகன் உடம்பெல்லாம் மைதானத்து மண்.

“ஏலே, சடுகுடு ஆடச் சம்பளமா? எந்த மடையன் குடுப்பான்?”

“மதுரை மில்லுக்காரங்க, அய்யா. அவங்க ஆளுக அஞ்சு பேரு அமுக்கியும் இழுத்துக்கிட்டே ஓடிப்போயி நடுக்கோட்டைத் தொட்டேன்ல? அதான், எங்க பக்கம் வந்து ஆடுன்னு வேலை குடுக்குறாங்க. போகட்டுமா?”

“அப்ப வயலை எவன் உழுவான்? உனக்கு இந்த வேகம் எங்கன இருந்துலே வந்துச்சு?”

“உழவுக்கு வரலன்னு நீங்க வெரட்டுனதுலதான்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன்.

உச்சிப்புளியில் ஒருவர் மீன்கூடையோடு ஏறினார். அந்த அப்பா பதறிக் கையை நீட்டினார்.

“அண்ணே, பாத்து! அவன் காலை மிதிச்சிராதீங்க. நாளைக்கு மதுரை மில்லுல சேரப்போறான்!”