சிவப்புக் கோட்டுக்குக் கீழே

தேநீர் நன்றாக இருக்கிறது. சர்க்கரையைத்தான் கலக்காமல் கொடுத்துவிட்டார்கள். முதல் வாய் கசப்பு, கடைசி வாய் பாகு. ஒரு கரண்டி கிடைக்குமா? நன்றி. பாருங்கள், இரண்டு சுற்று சுற்றினால் அடியில் குவிந்திருந்தது காணாமல் போய்விடுகிறது. எங்கேயும் போகவில்லை, கோப்பைக்குள்தான் இருக்கிறது. என் வேலையும் கிட்டத்தட்ட இதுதான்.

எங்கள் கம்பெனி மருத்துவமனைக் கட்டிலருகே வைக்கும் கருவி செய்கிறது. நோயாளியின் நாடியையும் மூச்சையும் கவனித்துக்கொண்டே இருக்கும். ஏதாவது பிசகினால் ரேடியோ வழியாக நர்ஸின் மேசையில் மணி அடிக்கும். அதற்குள் கிளாக் என்று ஒன்று உண்டு. மணி காட்டுவதில்லை, சர்க்யூட் முழுவதற்கும் தாளம் போடும் சின்னச் சில்லு. தாளம் இம்மி பிசகாமல் இருந்தால் அது வெளியே விடும் மின் இரைச்சல் ஒரே இடத்தில் குவிந்து, அளக்கும் திரையில் ஊசியாக நிமிரும். அந்தத் திரையில் சட்டம் ஒரு சிவப்புக் கோடு போட்டிருக்கிறது. ஊசி அதைத் தாண்டினால் கருவியை விற்க முடியாது.

எங்கள் ஊசி தாண்டியது. மேனேஜர் வந்து பார்த்துவிட்டு, "எப்படியாவது உள்ள தள்ளுங்க" என்றார். எப்படி என்று கேட்பது மரியாதையாக இருக்காது என்று நான் கேட்கவில்லை.

தாளத்தைத் துளி மேலும் கீழும் ஆடவிட்டால் இரைச்சல் பரவி ஊசி மழுங்கிவிடும். எல்லோரும் செய்வதுதான், குற்றமில்லை. எங்கள் கருவிக்கு அரை சதவீதம் வரை ஆடலாம் என்று கணக்கு. நான் மூன்று சதவீதம் ஆடவிட்டேன். கஞ்சத்தனம் என் குணத்திலேயே இல்லை. ஊசி சமர்த்தாகக் கோட்டுக்குக் கீழே படுத்துக்கொண்டது.

எவ்வளவு ஆடுகிறது என்று அளந்து காட்ட வேண்டியதும் நான்தான். மீட்டரில் சராசரி என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதைக் கூட்டிக்கொண்டே போனால் மேலே போனதும் கீழே போனதும் ஒன்றையொன்று தின்றுவிடும். மூன்று இரண்டாகி, ஒன்றாகி, அரைக்கு வந்ததும் நிறுத்திக்கொண்டேன். பேராசை கூடாது, பாருங்கள். கம்பெனியில் எனக்குக் கைதட்டினார்கள்.

ரேடியோ பகுதியைச் செய்தவள் பக்கத்து மேசைக்காரி. என்னைவிட இளையவள், நாக்கு மட்டும் கொஞ்சம் நீளம்.

"சார், அந்த சராசரி பொத்தான அணைச்சுட்டு அளந்து பாத்தேன். உங்க கிளாக் ரொம்ப ஆடுது. அந்த இரைச்சல் என் மணி போற சேனல் மேலயே வந்து உக்காருது. சில நேரம் மணி போய்ச் சேரவே இல்ல."

"சில நேரம்தானே?" என்றேன்.

"நோயாளிக்கும் சில நேரம்தான் சார் மணி தேவைப்படும்."

மேனேஜர் முன்னால் அவளை அளந்து காட்டச் சொன்னோம். அன்று அவள் கைக்கு வந்த கருவியில் ஆட்டத்தை நான் காலையிலேயே அரைக்குக் குறைத்து வைத்திருந்தேன். அவள் திரும்பத் திரும்ப அளந்தாள். அரைக்கு மேல் காட்டவே இல்லை. "அளக்கவே தெரியலைன்னா எப்படிம்மா?" என்றார் மேனேஜர். அந்த மாதமே வேலையை விட்டாள். பிரிவு உபசாரத்தில் அவள் நேர்மையைப் பற்றி நான்தான் பேசினேன். மனமாரத்தான் பேசினேன்.

பிறகு அத்தானுக்கு ஆபரேஷன் நடந்தது. அம்மா போனபின் என்னை வளர்த்தது அக்கா, படிக்க வைத்தது அத்தான். வார்டில் அவர் தலைமாட்டில் எங்கள் கருவி. பக்கத்துக் கட்டில்காரரிடம், "என் மச்சினன் செஞ்சது" என்று பெருமையடித்துக்கொண்டிருந்தார். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

மதியம் அக்கா என்னைத் தனியே கூப்பிட்டாள். தூக்கமில்லாமல் கண்கள் சிவந்திருந்தன.

"தம்பி, வீட்டுக்குப் போய் குளிச்சிட்டு ஒரு கண் அசந்துட்டு வரவாடா? ஏதாவதுன்னா இது கூப்பிடும்ல?"

உட்காரு அக்கா, எழுந்திருக்காதே என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்டிருப்பாள். அவள் விடாக்கண்டி, பதில் வாங்காமல் நகர மாட்டாள்.

"கூப்பிடும்க்கா, நிம்மதியா போய்த் தூங்கு" என்றேன். எனக்கும் ஆபீஸில் மீட்டிங் இருந்தது, கிளம்பிவிட்டேன்.

கருவி கூப்பிட்டிருக்கிறது. விடாமல் கூப்பிட்டதாக அதன் நினைவகம் சொல்கிறது. நர்ஸின் மேசையில் மணி அடிக்கவில்லை. மருந்து கொடுக்க வந்தவள் பார்த்தபோது அத்தான் குளிர்ந்திருந்தார்.

கவனிக்கவில்லை என்று அந்த நர்ஸை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். அக்கா என் தோளில் சாய்ந்து, "நான் தூங்கிட்டேன்டா, தூங்கிட்டேன்டா" என்று அழுதாள். அழுது தீர்க்கட்டும் என்று முதுகைத் தடவிக்கொடுத்தேன். பழைய பக்கத்து மேசைக்காரிகூடச் சாவுக்கு வந்திருந்தாள். "நான் இன்னும் பிடிவாதமா நின்னிருக்கணும் சார்" என்றாள். ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டார்கள். என் பங்குக்கு அதிகம் மிஞ்சவில்லை.

ஆட்டத்தைக் கூட்டியது நான். அளவை மறைத்தது நான். அவளைப் பொய்யாக்கியது நான். மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அன்று மணி அடிக்காது என்று எனக்குத் தெரியும் என்று மட்டும் எழுதாதீர்கள். மணியை நம்பித்தான் அத்தானை விட்டுவிட்டுப் போனேன்.

என் மகன் விஷயத்தை எதற்கு இதோடு முடிச்சுப் போடுகிறீர்கள் என்று தெரியவில்லை. ஆமாம், அதற்கு முந்தின மாதம் காய்ச்சலுக்கு அவனை அதே வார்டில்தான் சேர்த்திருந்தோம், அதே கருவிதான். "மிஷின் பாத்துக்கும், நீங்க வீட்டுக்குப் போங்க சார்" என்று நர்ஸ் சொன்னது உண்மை. அவனை வீட்டுக்கு அனுப்பும்வரை நான் நாற்காலியைவிட்டு எழாமல், அவன் மணிக்கட்டில் விரலை வைத்து நாடி பார்த்துக்கொண்டே இருந்ததும் உண்மை. அது வெறும் அப்பன் பாசம்.