பதின்மூன்றாவது குழி

குழிக்கு எண் போடும்போது நான் எப்போதும் பென்சிலில்தான் எழுதுவேன். வெயிலில் வியர்வை சொட்டினால் பேனா மை கலைந்துவிடும். இருபது வருடப் பழக்கம் சார், அதில் கள்ளம் எதுவும் இல்லை.

என் வேலை உங்களுக்குத் தெரிந்ததுதான். கட்டடம் எழும்பும் முன் அந்த மண்ணுக்கடியில் பழங்காலச் சுவரோ பானையோ கல்லறையோ இருக்கிறதா என்று குழி தோண்டிப் பார்த்து அறிக்கை கொடுப்பேன். ஏதாவது இருந்துவிட்டால் வேலை நிற்கும். முழுசாகத் தோண்டிப் பதிவு செய்த பிறகுதான் அஸ்திவாரம். அதனால் எந்தக் கட்டட மேஸ்திரிக்கும் என் முகத்தைக் கண்டால் ஆகாது.

அந்தப் பாலர் பள்ளிக்கு நான் தோண்டியது பதின்மூன்று குழிகள். அறிக்கையில் இருப்பது பன்னிரண்டு.

ஒன்பதாவது குழியில், இடுப்பளவு ஆழத்தில், வட்டமாகச் செங்கல் தெரிந்தது. என்னிடம் பல வருடமாகக் குழி தோண்டுகிறவரை நாங்கள் கடப்பாரை என்றுதான் கூப்பிடுவோம். அவர் வட்டத்தின் நடுவில் கம்பியை இறக்கினார்.

"கெணறு சார். ரொம்பப் பழசு. உள்ளே வெறும் பொலபொல மண்ணு. கம்பி போய்க்கிட்டே இருக்கு."

"மூடிடுங்க."

"எழுதிடுவீங்கல்ல?"

"எழுதாம இருப்பேனா?"

நான்கு மீட்டர் தள்ளி இன்னொரு குழி போடச் சொன்னேன். அது சுத்தமாக இருந்தது. பழைய ஒன்பதை ரப்பரால் அழித்துவிட்டு, புதியதற்கு ஒன்பது என்று எண் போட்டேன். மண் பரிசோதனைக்காரர்களும் என் வரைபடத்தை நம்பித்தான் துளை போட்டார்கள்.

என் தங்கைக்காகச் செய்தேன். அப்பா போன பிறகு என் இடுப்பிலேயே வளர்ந்தவள். மூன்று வருடம் தற்காலிக வேலையாகவே அலைந்து, அந்தப் பள்ளியில் ஆசிரியையாக உத்தரவு வாங்கியிருந்தாள். அந்த வருடத்துக்குள் பள்ளி திறக்காவிட்டால் உத்தரவு செல்லாது. தினமும் போன் செய்வாள். "அண்ணா, நீ தோண்டுற தோண்டுல நான் கிழவி ஆனப்புறம்தான் பாடம் நடத்தணும் போல."

பள்ளி நேரத்துக்குத் திறந்தது. என் மகளும் அவள் வகுப்பிலேயே சேர்ந்தாள்.

இரண்டாம் வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே தங்கை சொன்னாள்: "எங்க க்ளாஸ்ல பென்சிலைக் கீழே வச்சா அதுவா ஜன்னல் பக்கம் உருண்டு போகுது. பசங்க ரேஸ் விடுறாங்க." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுநாள் அலுவலகத்தில் வரைபடத்தை எடுத்து ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். அந்த ஜன்னலுக்கு நேர் கீழேதான் கிணறு.

அந்த வாரமே மகளை வேறு பள்ளியில் சேர்த்தேன். இரண்டு பஸ் மாற வேண்டும்.

"ஏண்ணா பாப்பாவை எடுத்துட்டே? நான் ஏதாவது திட்டிட்டேனா?"

"இல்லம்மா. தூரம், அதான்."

"தூரமா? எங்க மணிச் சத்தம் உங்க சமையக்கட்டுக்கே கேக்குமேண்ணா."

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். ஆனால் முகம் வாடிப்போயிருந்தது.

குழந்தையிடம் காரணம் சொல்ல வேண்டியதில்லை. தங்கையிடம் சொல்லியாக வேண்டும். சொன்னால் அவள் என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன். அதை நினைக்கும்போது விசாரணைக்கு வந்து இந்த நாற்காலியில் உட்காரவே கூசுகிறது.

பதினெட்டு நாள் கழித்து, இரவெல்லாம் பெய்த மழை விட்ட ஒரு காலையில், அந்தத் தரை உள்ளே போனது. என் தங்கையும் நான்கு பிள்ளைகளும் போனார்கள். கடப்பாரைதான் இறங்கி ஒவ்வொரு உடலாகத் தூக்கிக் கொடுத்தார். கடைசியில் மேலே வந்து, "எழுதலையா சார்?" என்று மட்டும் கேட்டார்.

கிணற்றை மறைத்தது நான். எண்ணை மாற்றியது நான். கையெழுத்தும் என்னுடையதுதான். எல்லாவற்றையும் வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். தரை இறங்கும் என்று எனக்கு முன்பே தெரியும் என்று மட்டும் எழுதாதீர்கள். பாப்பாவை மாற்றியது தூரத்துக்காகத்தான் சார்.