மாமனாருக்குப் படம் சொல்வது குற்றமா?

இருட்டில் உட்கார்ந்தே பழகிவிட்ட நம் ஞாயிற்றுக்கிழமைத் திரைப்பட மன்றத்தை ஆண்டுக்கொரு நாள் வெளிச்சத்தில் உட்காரவைத்து, யார் யார் வந்திருக்கிறோம் என்று முகம் பார்க்க வைத்திருக்கும் தலைவர், பெருமதிப்பிற்குரிய வக்கீல் ஐயா அவர்களே. கதாநாயகனை விட்டுவிட்டு அவனுடைய அப்பாவாக நடிப்பவரைக் கூர்ந்து கவனிக்கும் பருவத்தை எட்டிவிட்ட மூத்தோர்களே. அழவேண்டிய இடத்தில் அழுது, அழவேண்டாத இடத்திலும் ஒரு துளி அழுது, இயக்குநர் கேட்டதற்கு மேலேயே கண்ணீர் கொடுக்கும் தாய்மார்களே. கால் நீட்ட இடம் இருந்தால்தான் கலை புரியும் என்று கடைசி வரிசைக்கு ஓடும் இளைஞர்களே. இன்றைய தீர்மானத்தைக் கொண்டுவந்து என்னை இந்த மைக்கின் முன்னால் நிறுத்தியிருக்கும் என் வாடிக்கையாளர், என் நண்பர், இன்றைக்கு மட்டும் என் எதிரி, பல் டாக்டர் அவர்களே. எதையாவது உளறிவிடுவேனோ என்று முதல் வரிசையிலிருந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கும் என் மனைவியே. அவள் பக்கத்தில், என் குரல் வரும் திசைக்கு முகத்தைத் திருப்பி அமர்ந்திருக்கும் என் மாமனாரே: உங்கள் எல்லோரையும் கைகூப்பி வணங்கிப் பேசத் தொடங்குகிறேன்.

தீர்மானம் ஒரே வரி. "படம் ஓடும்போது பேசுகிறவர் மன்றத்திலிருந்து நீக்கப்படுவார்." அவ்வளவுதான். பேசுவது யார்? என் மனைவி. யாரிடம் பேசுகிறாள்? பெற்ற அப்பாவிடம். எதற்காகப் பேசுகிறாள்? அவருக்குக் கண் தெரியாது, அதற்காக. அவளை நீக்கிவிட்டால், அந்த மனிதர் எதைப் பார்ப்பார்? எப்படிப் பார்ப்பார்? யார் கண்ணால் பார்ப்பார்? இந்தக் கேள்வியைத்தான் உங்கள் முன் வைக்க வந்திருக்கிறேன். தலைவர் மணியின் மேல் கை வைக்கிறார். ஐயா, நான் இன்னும் தொண்டையைக்கூடச் சரிசெய்துகொள்ளவில்லை, கொஞ்சம் பொறுத்தருள வேண்டும்.

நான் கண்ணாடிக்கடைக்காரன். இந்த மண்டபத்தில் விளக்கு வெளிச்சத்தில் மின்னும் கண்ணாடிகளில் பாதி என் கையால் மாட்டியவை. என் மாமனார் கிரேன் ஓட்டியவர். வானத்துக்கும் பூமிக்கும் நடுவே ஒரு கூண்டில் உட்கார்ந்துகொண்டு, இரும்புப் பெட்டியை இலைமேல் இலை வைப்பதுபோல் இறக்கிவைத்தவர். அப்படிப்பட்ட கண்ணுக்குள் அழுத்தம் ஏறியது, நரம்பு கெட்டது, பார்வை போனது. ஊருக்கெல்லாம் பார்வை திருத்துகிறேன். என் வீட்டுப் பெரியவருக்கு மாட்டிவிட என் கடையில் ஒரு கண்ணாடி இல்லை. 

சினிமா என்றால் உயிரை விடுவார். பார்வை போன பிறகு நாங்கள் கூப்பிட்டால், "எனக்கெதுக்கு மாப்பிள்ளை சினிமா? நீங்க போயிட்டு வாங்க, நான் ரேடியோ கேட்டுட்டு இருக்கேன்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். ஒருநாள் என் மனைவி அவருடைய சட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு போய் நின்றாள். "எழுந்திருங்கப்பா. நீங்க கேளுங்க, நான் சொல்றேன்" என்றாள். அன்றைக்குத் தொடங்கியது இந்தக் குற்றம்.

என் மனைவியின் தொழில் உங்களுக்குத் தெரியும். பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். நீங்கள் எந்தப் பேருந்தைப் பிடித்தாலும் அவள் குரலைக் கேட்டுத்தான் பிடிக்கிறீர்கள். நான் மட்டும்தான் அந்தக் குரலைக் கேட்டு ஓடி ஒளிகிறவன். சிரிக்காதீர்கள், முதல் வரிசையில் முறைப்பு கூடுகிறது.

முதலில் வீட்டில் பார்த்த படங்களின் கதையைச் சொல்கிறேன். வீட்டில் படம் பார்ப்பதைப் போலச் சுகமும் இல்லை, அதைப் போலச் சித்திரவதையும் இல்லை. குக்கர் கத்தினால் நிறுத்து. கூரியர்காரர் வந்தால் நிறுத்து. என் மச்சானுக்குப் போன் வந்தால் நிறுத்து, அவன் பேசி முடித்துவிட்டு "இவன் யாரு?" என்று கேட்டால் முதலிலிருந்து ஓட்டு. கொலை நடந்தது வெள்ளிக்கிழமை. கொலைகாரனைப் பிடித்தது ஞாயிற்றுக்கிழமை. நடுவில் துப்பறிகிறவருக்கே ஆர்வம் போயிருக்கும்.

ஒரு பேய்ப்படம் பார்த்தோம். என் கருத்தைக் கேட்டால், பேய் நன்றாக நடித்திருந்தது, மனிதர்கள்தான் மோசம். அந்த வீட்டில் அத்தனை அறைகள், ஒவ்வொரு அறையிலும் சுவர் முழுக்கச் சுவிட்சுகள், ஒருத்தராவது ஒரு விளக்கைப் போட்டார்களா? மெழுகுவர்த்தியை ஏந்திக்கொண்டு, "யார் அங்கே?" என்று கேட்டுக்கொண்டே போகிறார்கள். என் மனைவி அப்பாவுக்குச் சொல்லிக்கொண்டே வந்தவள், நாள் முழுக்க நிலையத்தில் கத்திவிட்டு வந்த களைப்பில், பழக்கதோஷமாக, "பேய் வருவதில் சற்றுத் தாமதம் ஏற்பட்டுள்ளது" என்று அறிவித்துவிட்டாள். மாமனார் அலட்டிக்கொள்ளவில்லை. "எவ்வளவு நேரம் ஆகும்மா? நான் பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்" என்றார்.

கொட்டகையில் பார்த்த காதல் படத்தையும் சொல்லவேண்டும், அதைச் சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்கினால் என் கடைச் சாவியை வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். கதாநாயகி கண்ணாடி போட்டிருக்கிறாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பாதிப் படத்தில் கண்ணாடியைக் கழற்றுகிறாள். காற்றடிக்கிறது, கூந்தல் பறக்கிறது, கல்லூரியே மயங்கி விழுகிறது. அன்பர்களே, இது நியாயமா? நான் வயிற்றுப்பிழைப்பை மட்டும் சொல்லவில்லை, அறிவியலையும் சொல்கிறேன். அவ்வளவு தடித்த கண்ணாடி போட்டவள் அதைக் கழற்றினால் அவள் கண்ணுக்குக் காதலனும் தெரியமாட்டான், கம்பமும் தெரியாது. "இவன்தான் அவன்னு எப்படிக் கண்டுபிடிச்சா?" என்று நான் கேட்டுக்கொண்டிருக்கும்போது என் மாமனார் சொன்னார், "குரலை வெச்சுத்தான் மாப்பிள்ளை. அதெல்லாம் முடியும்." 

சரி, தீர்மானத்துக்குக் காரணமான சம்பவத்துக்கு வருகிறேன். டாக்டர் நிமிர்ந்து உட்காருகிறார்.

அது துரத்தல் படம். கதாநாயகி கையில் ஒரு குடை. காதலன் ஊரைவிட்டே போகிறான். அவள் ஓடுகிறாள், பேருந்து நிலையத்துக்குள் நுழைகிறாள், பேருந்து உறுமிக்கொண்டு நிற்கிறது. என் மனைவி அதுவரை அப்பாவின் காதோடு காதாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் திரையில் பேருந்து நிலையத்தைக் கண்டதும் அவளுக்குள் இருந்த அறிவிப்பாளர் எழுந்துவிட்டாள். முழுக் குரலில், மணி அடித்தாற்போல, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு, பேருந்து இன்னும் சில நொடிகளில் புறப்படும்" என்றாள்.

அவ்வளவுதான், மன்றமே எழுந்தது. வருடக்கணக்காக அந்தக் குரலைக் கேட்டு ஓடிய கால்கள் அல்லவா உங்கள் கால்கள்? இருக்கைக்கு அடியில் பையைத் தேடினீர்கள். நான்கைந்து தாய்மார்கள் கதவு வரைக்கும் போய்விட்டார்கள். நம் தலைவர் வக்கீல் ஐயாவே சில்லறைக்குச் சட்டைப்பையைத் துழாவினார். பதற்றத்தில் துள்ளியெழுந்த பல் டாக்டரின் மடியிலிருந்த பாப்கார்ன் முழுவதும் முன்வரிசைத் தலைகளின் மேல் பொழிந்தது. யார் மேல் தவறு? என் மனைவி மேலா? உங்கள் கால்கள் மேலா? "பஸ் போயிடுச்சா?" என்று பின்னால் ஒருவர் கேட்டார். அவர் பெயரைச் சொல்ல மாட்டேன், அவரே கையைத் தூக்கிச் சிரிக்கிறார்.

படம் முடிந்து, வழக்கம்போல எதிர்க்கடையில் நின்று டீ குடித்துக்கொண்டே ஆளுக்கொரு கருத்துச் சொன்னோம். மாமனார் முறை வந்தது. "அந்தப் பொண்ணு பச்சைக் குடையை விரிச்சு பஸ்ஸை நிறுத்தினா பாருங்க, அதுதான்யா படம்" என்றார். உடனே நம் டாக்டர், சட்டையிலிருந்து பாப்கார்னைத் தட்டிக்கொண்டே, "அது பச்சையில்ல ஐயா, நீலம். உங்க பொண்ணு மாத்திச் சொன்னது எனக்கே கேட்டுச்சு" என்றார்.

தலைவர் அவர்களே, நீங்கள் வக்கீல். உங்கள் சட்ட அறிவுக்கே இதை விட்டுவிடுகிறேன். அவள் பச்சை என்று சொன்னது இவருக்கு எப்படித் தெரிந்தது? காதோடு காதாகச் சொன்னதைப் பின்வரிசையில் இருப்பவர் எப்படிக் கேட்டார்? படம் பார்க்கவிடாமல் பேசுகிறாள் என்று குற்றம் சாட்டியவர், படத்தையும் பார்த்து, அவள் சொன்னதையும் கேட்டு, இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்தமும் போட்டிருக்கிறார். ஆனாலும் மறுநாளே தீர்மானத்தை எழுதிக் கொடுத்துவிட்டார். ஆண்டுக்கூட்டத்தில் முடிவெடுப்போம் என்றார் தலைவர். வீட்டில் இதைச் சொன்னதும் மாமனார், "என்னால நீங்க எதுக்குப்பா பேச்சு வாங்கணும்? நான் வீட்லயே இருந்துக்கறேன்" என்றார். மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அந்த முதுகைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபத்தில், டாக்டரின் கண்ணாடியை அவருக்குக் கொடுக்காமல் கடையிலேயே வைத்திருக்கலாமா என்றுகூட யோசித்தேன். கொடுத்துவிட்டேன், பயப்படாதீர்கள்.

எப்படியோ கெஞ்சிக் கூத்தாடி, போன வாரப் படத்துக்கு அவரை அழைத்துவந்தோம். உங்களுக்கு நினைவிருக்கும். அப்பாவும் மகளும் சண்டை போட்டுப் பிரிகிறார்கள். மகள் வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். இடைவேளை வரைக்கும் சிரிக்க வைத்தார்கள். என் கருத்து, அந்தப் பக்கத்துவீட்டுக்காரர் வரும் காட்சிகளைப் பாதி வெட்டியிருக்கலாம். மற்றபடி அப்பழுக்கில்லாத படம். என் மனைவி அன்றைக்குக் கர்ச்சீப்பை வாயில் பொத்திக்கொண்டு, கொசு பாடுவது போல அத்தனை மெல்லமாகத்தான் சொல்லிக்கொண்டு வந்தாள். கடைசியில் அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை. மகள் ஓடிவருகிறாள். வீட்டு வாசலில் செருப்புகள், செருப்புகள், நிறையச் செருப்புகள்.

அங்கே என் மனைவியின் குரல் நின்றுவிட்டது.

ஊரெல்லாம் கேட்கும் குரல். ஒருநாளும் நின்றறியாத குரல். நின்றுவிட்டது. மாமனார் இருட்டில் தலையைத் திருப்பி, "என்னம்மா, கரண்ட் போயிடுச்சா? மகள் வந்தாளா, இல்லையா?" என்று கேட்கிறார். அவளால் வாயைத் திறக்க முடியவில்லை, தோள் குலுங்குகிறது. நான் இருக்கிறேனே, மேடையில் இந்த முழக்கம் முழக்குகிறவன், "அது வந்து மாமா, அது வந்து" என்பதற்கு மேல் எனக்கும் நாக்கு எழவில்லை. திரையிலும் வசனம் இல்லை, பின்னணி இசையும் இல்லை. அந்த இருட்டுக்குள் இன்னொரு இருட்டில் அந்த மனிதர் ஒண்டியாக உட்கார்ந்திருந்தார்.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு தலை முன்னால் சாய்ந்தது. "ஐயா, மகள் வந்துட்டா. ஆனா நேரமாயிடுச்சு, அப்பா போயிட்டாரு. அவ கட்டில்கிட்ட உக்காந்து அவரோட கையை எடுத்துத் தன் கன்னத்துல வெச்சிருக்கா. யாரும் எதுவும் பேசல. அதான் உங்களுக்கு எதுவும் கேக்கல" என்று ஒரு குரல் சொன்னது.

 மாமனார் தடவித் தடவி என் மனைவியின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். "அழாதம்மா, நான் இங்கதானே இருக்கேன். மிச்சப் படத்தைச் சொல்லு" என்றார்.

அவள் சொன்னாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே கடைசிப் பெயர் வரைக்கும் சொன்னாள்.

பெரியோர்களே, தாய்மார்களே, கடைசி வரிசை நண்பர்களே. வீட்டிலே பெரிய திரை இருக்கிறது, மெத்தை இருக்கிறது, நிறுத்தி நிறுத்திப் பார்க்க விசை இருக்கிறது. பிறகு எதற்காக நாம் கொட்டகைக்கு வருகிறோம்? பக்கத்தில் ஆள் இருக்கிறது என்பதற்காக வருகிறோம். நமக்குச் சிரிப்பு வரும்போது கூடச் சிரிக்கவும், நமக்குப் பேச்சு நிற்கும்போது நமக்குப் பதிலாகப் பேசவும் ஒரு மனிதர் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார் என்பதற்காக வருகிறோம். அதைத் தடை செய்துவிட்டு எந்தப் படத்தைப் பார்க்கப் போகிறோம்?

அன்றைக்குப் பின்வரிசையிலிருந்து பேசியவர் யார் என்று கேட்கிறீர்களா? படம் ஓடும்போது பேசினால் நீக்கவேண்டும் என்று எழுதிக் கொடுத்த அதே கை, அதே வாய். தீர்மானம் நிறைவேறினால் முதலில் வெளியேற வேண்டியவர் அதைக் கொண்டுவந்தவர்தான். டாக்டர், தலையைக் குனியாதீர்கள். அந்த ஒரு நிமிடத்துக்காக என் குடும்பம் உங்களை மறக்காது. உங்களைத் திட்டியதையெல்லாம் நான் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். உங்கள் தீர்மானத்தை நீங்கள் வாபஸ் வாங்குவீர்களா?

டாக்டர் எழுந்து நிற்கிறார். கைதட்டலை நிறுத்துங்கள், அவர் ஏதோ சொல்கிறார். மைக்கை அந்தப் பக்கம் கொடுங்கள். கேட்டதா? பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கவில்லை என்றால் நானே சொல்கிறேன்.

"வாபஸ் வாங்கிக்கறேன் சார். ஆனா ஒண்ணு. போன படத்துல உங்க வீட்டம்மா ரொம்ப மெதுவாச் சொன்னாங்க, எங்க வரிசைக்குப் பாதிதான் கேட்டுச்சு. இனிமே கொஞ்சம் சத்தமாவே சொல்லச் சொல்லுங்க" என்கிறார்.

என் மாமனார் சிரிப்பதைப் பாருங்கள் அன்பர்களே, திரும்பிப் பாருங்கள், இதைவிட நல்ல காட்சியை நான் எந்தக் கொட்டகையிலும் பார்த்ததில்லை. என் கட்சி வென்றது, என் பேச்சும் முடிந்தது. மணியை அடிக்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும் தலைவருக்கு நன்றி. இதுவரை பொறுமையாகக் கேட்ட காதுகளுக்கு நன்றி. இருட்டில் முன்னால் சாய்ந்த அந்த ஒரு தலைக்கு என் குடும்பத்தின் பெரிய கும்பிடு. எல்லோருக்கும் வணக்கம்.