கோரை வடிகாலுக்கு வாய் வைத்த கதை

ஒரு தெருவின் நம்பிக்கை என்ன விலைக்குக் கிடைக்கும் என்று கேட்டால் நான் பைசா சுத்தமாகச் சொல்வேன். முப்பத்தெட்டு ரூபாய். நீல நாடாவோடு சேர்த்து. அச்சகக்காரர் நாடாவுக்குத் தனியாகக் கேட்டார், நான் கொடுக்கவில்லை.

டீயைக் குடியுங்கள் இன்ஸ்பெக்டர், ஆறிவிடும். நான் எங்கும் ஓடிவிட மாட்டேன்.

பெயர் நடராசன். மன்னார்குடிக்கும் நன்னிலத்துக்கும் நடுவே, வயலுக்குள் கப்பல் தரைதட்டினாற்போல் நிற்கிறதே ஒரு தனியார் பல்கலைக்கழகம், அதில் மாணவர் பங்கேற்புத் துறைக்கு இயக்குநர். மாணவர்களோடு சேர்ந்தே பல்கலைக்கழகத்தை உருவாக்குவது என்பது துறையின் வாசகம். வெளிநாட்டில் எங்கோ செய்கிறார்களாம். மதிப்பீட்டுக் குழு வந்தால் தனி மதிப்பெண்ணாம். மாணவர்கள் பேசவேண்டும் என்ற ஆசையெல்லாம் வேந்தருக்குக் கிடையாது. பேசுகிற மாதிரி போட்டோ வேண்டும், அவ்வளவுதான்.

எனக்கு முன்னால் பேராசிரியர்கள் நடத்திப் பார்த்தார்கள். முதல் கூட்டத்திலேயே பிள்ளைகள் விடுதிச் சாம்பாரில் ஆரம்பித்துக் கட்டணக் கணக்குவரை வந்துவிட்டார்கள். படித்தவர்களுக்கு வேர்த்துவிட்டது. பிறகுதான் என்னைத் தேடினார்கள்.

என் அப்பா மாட்டுத் தரகர். சந்தையில் துண்டைப் போட்டு, அதற்கடியில் விரல் பிடித்து விலை பேசுகிற தொழில். அப்பா ஒரு நாளும் விலையைத் தாமாகச் சொன்னதில்லை. எதிராளியின் விரலை மெல்ல அழுத்தி அழுத்தி அவனையே சொல்லவைப்பார். "தான் சொன்ன வெலையப் பத்தி எவனும் திரும்பி வந்து சண்ட போடமாட்டான்டா" என்பார். அதைத்தான் நாங்கள் இணை உருவாக்கம் என்று கண்ணாடி அறையில் உட்கார்ந்து செய்தோம்.

வளாகச் சுவருக்கு மேற்கே கீழத்தெரு. அவர்களுடைய முப்பது ஏக்கர் வயல் எங்கள் சுவரில் வந்து இடிக்கும். மிராசுதாரிடமிருந்து உச்சவரம்புச் சட்டத்தில் பிரிந்துவந்த நிலம். அந்தக் காலத்தில் கொடி பிடித்து, உதைபட்டு வாங்கியது. வேந்தருக்கு அந்த இடத்தில் மருத்துவக் கல்லூரி கட்டவேண்டும். இரண்டு கட்சிக் கரைவேட்டியும் பேசப்போனது. மேடையில் ஒருவரையொருவர் கிழிக்கிறவர்கள் அதற்கு மட்டும் ஒரே காரில் போனார்கள். தெருவுக்குப் பெரியவர் மருதையன் உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"எங்கப்பன் அடிவாங்கி வாங்குன எடம். ஒனக்கு வேணும்னா நீயும் வந்து நாலு வாங்கிக்க" என்றாராம்.

நான் ஆளைப் பார்க்கவில்லை, நிலத்தைப் பார்த்தேன். அங்கே விழுகிற மழைத்தண்ணீர் அத்தனையும் கோரை வடிகால் வழியாக எங்கள் வளாகத்துக்குள் வந்துதான் கிழக்கே ஆற்றுக்குப் போகவேண்டும். வேறு வழி இல்லை. எனக்கு அது போதும்.

மாணவர் பங்காளர்கள் என்று நாலு பேரை எடுத்தேன். ஆளுக்கொரு அடையாள அட்டை, கழுத்தில் மாட்ட நீல நாடாவோடு. மூன்று பேர் அட்டையை மாட்டிப் படம் எடுத்து ஊருக்கு அனுப்பினார்கள். அத்தோடு அவர்கள் பங்கேற்பு முடிந்தது. நாலாவது ஆள் அம்சம் என்ற பெண். வணிகவியல், இரண்டாம் ஆண்டு. கீழத்தெரு ராமாயியின் ஒரே மகள். ஓட்டக்காரி. வாய்க்கால் கரையில் ஓடிப் பழகியவள்.

வளாக வரைபடத்தை மேசையில் விரித்தேன். எல்லா இடத்திலும் ஏதாவது ஒரு கட்டடம் வரப்போவதாக முன்கூட்டியே வண்ணம் அடித்துவைத்திருந்தேன். மேற்கு ஓரம் மட்டும் வெள்ளை.

"பொண்ணுங்க ஓட எடமே இல்ல சார். பசங்க கிரவுண்டுல ஓடுனா வேடிக்க பாக்குறாங்க."

"எங்க போடலாம்னு நீயே சொல்லும்மா. ஒங்க யுனிவர்சிட்டி."

அவள் விரல் வரைபடம் முழுக்க அலைந்து, நான் நினைத்த இடத்தில் வந்து நின்றது. நின்றதும் முகம் மாறியது.

"இது கோரை வடிகால் ஆச்சே சார்."

"அதுல தண்ணியே இல்லையேம்மா."

"சித்திரைல பாத்தா செத்த மாதிரிதான் கெடக்கும். ஐப்பசில வந்து பாருங்க. எங்க தெருவே அத நம்பித்தான் சார் இருக்கு."

"சரி, அடியில கொழாய் போட்டுக்கலாம். எப்படி வேணும், நீ சொல்லு."

"ஆளு குனிஞ்சு போற அளவு. ரெண்டு."

"ஒண்ணு போதாதா?"

"ரெண்டு சார். இல்லாட்டி ஓடுற எடமே வேணாம்."

சந்தையாக இருந்தால் அப்பா அவளுக்கு ஒரு டீ வாங்கிக்கொடுத்திருப்பார். நான் இரண்டுக்கும் தலையாட்டினேன். போடப்போகாத குழாய் ஒன்றானால் என்ன, இரண்டானால் என்ன. தீர்மானத்தை அவளே தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அழகான கையெழுத்து.

பொக்லைன் வந்த அன்று கீழத்தெருப் பெண்கள் வடிகாலுக்குள் இறங்கி உட்கார்ந்துவிட்டார்கள். நான் போலீசைக் கூப்பிடவில்லை. அம்சத்தை அனுப்பினேன்.

"யாருடி சொன்னா கொழா வரும்னு?" என்றார் மருதையன்.

"நான்தான் பெரியப்பா பேசி வாங்குனேன். ரெண்டு கொழா. கமிட்டில நானும் இருக்கன்ல."

மருதையன் அவள் கழுத்து அட்டையைப் பிடித்து, அவருக்கு எழுத்து தெரியாது, முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நம்ம புள்ள மொகந்தான் போட்டிருக்கு, எந்திரிங்க" என்றார். எழுந்துவிட்டார்கள். ராமாயி, மகளின் நாடாவைச் சரிசெய்து, அட்டையை முந்தானையால் துடைத்துவிட்டுப் போனார். அத்தனை கரைவேட்டியால் முடியாதது முப்பத்தெட்டு ரூபாயில் முடிந்தது.

குழாய் போட்டோம். தெருப் பக்கம் இரண்டு வாய், ஆற்றுப் பக்கம் இரண்டு வாய். ஒவ்வொன்றும் ஆள் குனிந்து போகிற அளவு, பேச்சு மாறவில்லை. நடுவில் குழாய் கிடையாது. மண். அதன்மேல் ஓடுகளம். திறப்பு விழாவில் வேந்தர், மாணவர்களே கேட்டு மாணவர்களே வடிவமைத்தது என்று பேசினார். அம்சம் முதல் சுற்று ஓடினாள். நல்ல போட்டோ.

ஐப்பசிக்கு முன்னால் தெருவே கூடி வடிகாலைத் தூர்வாருவது அங்கே வழக்கம். மண்வெட்டிக்காரர்கள் வந்து சேருவதற்குள் அவள் முந்திப்போய்க் குழாய்க்குள் மூங்கிலை விட்டுப் பார்த்திருக்கிறாள். நேரே என் அறைக்கு வந்தாள்.

"சார், மூங்கி உள்ள போகல."

"சேறு அடைச்சிருக்கும்."

"சேறுன்னா எறங்கும் சார். இது இடிக்குது."

இந்த இடத்தைக் கவனமாக எழுதிக்கொள்ளுங்கள். அந்த நிமிடம் அவள் தெருவுக்குத் திரும்பிப்போய் ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். கடப்பாரையோடு ஐம்பது பேர் வந்தால் ஒரு பகலில் தோண்டித் திறந்திருப்பார்கள். எனக்கு அது தெரியும். அதனால் அவளுடைய தீர்மானத்தை எடுத்து மேசையில் வைத்தேன்.

"போய்ச் சொல்லிடும்மா. கேட்டது நீ, எழுதுனது நீ. ஒங்க பெரியப்பாகிட்ட, அம்மாகிட்ட நீயே சொல்றதுதான் மரியாதை. நான் தடுக்கல. இல்ல, நானே சத்தமில்லாம ஆள்விட்டுச் சரிபண்றதுன்னா நாள் ஆகும். எத்தன நாள் பொறுப்ப, நீயே சொல்லு."

அட்டையை இறுகப் பிடித்திருந்த விரல்கள் மெல்லத் தளர்ந்தன. துண்டுக்கடியில் விரல் தளர்வது எனக்குத் தெரியும்.

"ஒரு வாரம் சார். அதுக்குள்ள பண்ணிடுவீங்கல்ல?"

விலையை அவள்தான் சொன்னாள். தெருவில் போய், குழாய் சுத்தமாக இருக்கிறது, அந்தப் பக்கம் வெட்டவேண்டாம் என்றும் அவளே சொல்லியிருக்கிறாள். அது நான் கேட்காமல் கொடுத்த கொசுறு.

வாரம் முடியுமுன் மழை பிடித்தது. நட்ட சம்பா மூழ்கியது. தண்ணீர் போக இடமில்லாமல் தெருவுக்குத் திரும்பியது. மண்சுவர்கள் ஊறின. ராமாயி, மகளின் சான்றிதழ்களை எடுக்க வீட்டுக்குள் போயிருக்கிறார். சுவர் விழுந்தது. சான்றிதழ்கள் நனையவில்லை, உடம்புக்கடியில் இருந்தன.

பிணத்தை எடுத்த அன்று அம்சம் தெரு நடுவில் நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கடப்பாரையோடு வருவார்கள் என்று கேட்டில் ஆள் போட்டிருந்தேன். ஒருவரும் வரவில்லை. சொந்தப் பிள்ளை சொன்னதையே நம்பமுடியாமல் போன தெருவில் சேர்ந்து நின்று மாட்டேன் என்று சொல்ல யார் இருக்கிறார்கள்? அழுகிய பயிரைப் பார்த்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தை பிறந்ததும் நிலப் பத்திரத்தில் முதல் கைநாட்டு மருதையனுடையது. விற்கக்கூடாது என்ற பட்டா நிபந்தனைகளைக் கரைவேட்டிகள் பார்த்துக்கொண்டன.

அம்சம் நேற்று உங்களிடம், தான்தான் அம்மாவைக் கொன்றவள் என்று எழுதிக்கொடுத்தாளாமே. அதைக் கேட்டுத்தான் நானாக வந்தேன். இரக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்தவன் சரக்கை என்னுடையது என்று நான் விற்றதில்லை. என் சரக்கை அடுத்தவர் விற்கவும் விடமாட்டேன். வரைபடத்துக்கு வண்ணம் அடித்தவன் நான். நடுவில் மண் போடச் சொன்னவன் நான். மழை வரும் என்று தெரிந்தே அந்தப் பெண்ணின் வாயை அடைத்தவன் நான். அவள் வெறும் பங்காளர்.

கணக்கையும் எழுதிக்கொள்ளுங்கள். வரவு, வயல் முப்பது ஏக்கர். செலவு, குழாய் வாய் நாலு, ராமாயி ஒன்று. அதற்குப் பெண்கள் ஓடுகளத்துக்கு ராமாயி பெயரையே வைத்துவிட்டோம், நல்ல கருங்கல்லில். ஆக அந்தப் பற்று நேர். அட்டை கொடுத்தது நாலு, திரும்பியது மூன்று. அம்சம் பேரில் ஒன்று நிற்கிறது, நாடாவோடு.

நான் யாருக்கும் பாக்கி வைத்தவன் இல்லை, எனக்கும் யாரும் பாக்கி வைக்கவேண்டாம். அந்தப் பெண்ணிடம் சொல்லி அந்த அட்டையை மட்டும் வாங்கிக்கொடுங்கள்.