அட்டையில் ஒரு கிணறு

பல்லவி: …அதான் ஃபோன் பண்ணினேன் கவின், இந்தக் கிணறு எங்கேர்ந்து வந்தது? காலமேர்ந்து அட்டையைப் பாத்துண்டே இருக்கேன், பிடிபடலை.

கவின்ராஜ்: நல்லா இல்லீங்களா மேடம்?

பல்லவி: அழகா இருக்கு. ஆனா நாவல்ல கிணறே கிடையாதே! கொலை நடக்கறது மைசூர் தேவராஜ மொஹல்லால, லாட்ஜ் மாடியில.

கவின்ராஜ்: அது… உள்ளர்த்தமுங்க. கருப்புக்கு அடியில நீலம் குடுத்திருக்கேன் பாருங்க. வெறும் கருப்பு அச்சுல வெளுத்துரும். நீலம் சேந்தாத்தான் ஆழம்…

பல்லவி: மையை விடுங்கோ. கதையைப் படிச்சேளா?

கவின்ராஜ்: படிச்சேனுங்க.

பல்லவி: கொலைகாரன் யாரு?

கவின்ராஜ்: …வழக்கமா யாரோ, அவருதானுங்க.

பல்லவி: கவின்!

கவின்ராஜ்: எழுத்தாளர் கோவிச்சுக்கிட்டாருங்களா? ஜடையன் சாரு?

பல்லவி: கோவமெல்லாம் இல்லை. நம்ம பதிப்பகத்தோட துப்பறியும் வரிசையில அவரோட ரெண்டு புஸ்தகம் வந்தாச்சு, படிச்சேன்னு ஒரு ஃபோன் இல்லை. அட்டை வரையற நீங்களாவது படிச்சிருப்பேள்னு நம்பிண்டிருந்தார்.

கவின்ராஜ்: தலைப்பு ‘பாவி’தானுங்களே? கன்னடத்துல கிணத்துக்கு அதானுங்களே பேரு?

பல்லவி: ஐயோ! அந்த ‘பா’ வேற கவின். ‘பாட்டில்’ சொல்லிப் பாருங்கோ. இப்போ ‘பாட்டு’ சொல்லுங்கோ. கன்னடத்துல ரெண்டுக்கும் தனித்தனி எழுத்து. தமிழ்ல ஒண்ணுதான்.

கவின்ராஜ்: பாட்டில்… பாட்டு… அடப்பாவி!

பல்லவி: அதே பாவிதான்! இவ்வளவு நன்னாத் தமிழ் பேசறேளே…

கவின்ராஜ்: பேச்சு வருமுங்க. கர்நாடகா ராமாபுரத்துல வளந்தேனுங்க, வீட்டுல தமிழ், பள்ளிக்கூடத்துல கன்னடம். எழுத்துக்கூட்டித் தலைப்பைப் படிப்பேன். முழு நாவல் முடியாதுங்க.

பல்லவி: அப்போ முன்னாடி ரெண்டு அட்டை?

கவின்ராஜ்: ‘நாய்’, ‘கல்’. ரெண்டு பாஷையிலயும் கிட்டத்தட்ட ஒண்ணுதானுங்களே.

பல்லவி: சொல்லியிருக்கலாமே!

கவின்ராஜ்: சொன்னா வேற ஆளைப் பாத்துக்குவீங்க. அப்புறம்… ரூம்ல ஒத்தையில கெடக்கறேன் மேடம். மைசூர்ல என்கூடத் தமிழ் பேசறது நீங்க மட்டுந்தானுங்க. ஜடையன் சார்கிட்டச் சொல்லிராதீங்க. சங்கடப்படுவாரு.

பல்லவி: ஜடையன்னு யாரும் இல்லை கவின், எழுதினது நான்தான். தினம் சாயங்காலம் ஃபோன் பண்ணி ஒரு அத்தியாயம் வாசிக்கறேன், நீங்க முழுக்கக் கேட்டுட்டு வரைங்கோ.