இருபத்தஞ்சு வயசுக்கு மேல் வேண்டாம்

"...நீயே சொல்லும்மா, என் கடை, என் சுவரு, என் பசை. நான் ஒரு காயிதம் ஒட்டினா அது குத்தமா? 'ரொட்டிக் கடைக்குப் பெண் தேவை. பதினெட்டுலேருந்து இருபத்தஞ்சு வயசு. கல்யாணம் ஆகாதவர். பார்க்க லட்சணமாக இருக்க வேண்டும்.' இவ்ளோதான் எழுதினேன். இதுக்குப் போயி தொழிலாளர் ஆபீஸுல கூப்பிட்டு உக்கார வெச்சிருக்காங்க பாரு..."

பிலிப்பைன்ஸின் இலோய்லோ நகரத்துத் தொழிலாளர் அலுவலகத்தின் மாடி வராந்தாவில் ஃபெலிசா பல்மாரெஸ் வந்து உட்கார்ந்து வெகுநேரமாகிவிட்டது. உட்கார்ந்ததிலிருந்து பேச்சு நிற்கவில்லை. அதே பெஞ்சின் மறுமுனையில் இருந்தவள் ரோவினா மக்பனுவா. நாற்பத்து மூன்று வயது. ஃபெலிசா மேல் புகார் கொடுத்தவளே அவள்தான்.

அதைச் சொல்லிவிடத்தான் முதலில் வாயைத் திறந்தாள். சொல்ல இடம் கிடைக்கவில்லை.

"வயசு போடக்கூடாதாம். சட்டமாம். கல்யாணம் ஆச்சான்னு கேக்கக்கூடாதாம். மாசமா இருக்கியான்னு கேக்கக்கூடாதாம். எந்தக் கோயிலுக்குப் போறேன்னு கேக்கக்கூடாதாம். அப்புறம் நான் என்னதான் எழுதறது? 'ஆள் தேவை, மூச்சு இருந்தாப் போதும்'னா? ...இந்தா, பன்டிசால் ரொட்டி சாப்பிடு. காலையில சுட்டது. சும்மா சாப்பிடும்மா, உன் மூஞ்சியப் பாத்தா ஒண்ணும் சாப்பிடாம வந்த மாதிரி இருக்கு."

ரோவினா வாங்கிக்கொண்டாள். உண்மையிலேயே எதுவும் சாப்பிடாமல்தான் வந்திருந்தாள். ரொட்டி நன்றாக இருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"புகார் குடுத்தவ யாருன்னுகூட எனக்கு நெனப்பில்ல. வந்தா, பயோடேட்டாவ நீட்டினா, நாப்பத்துமூணுன்னு போட்டிருந்துது, திருப்பிக் குடுத்துட்டேன். மூஞ்சிய யாரு பாத்தா?"

ரோவினாவுக்கு நினைப்பிருந்தது. பதினாறு வருஷம் ஒரு பெரிய கடையில் ரொட்டிப் பிரிவில் நின்றவள். கடையை மூடிவிட்டார்கள். வீட்டில் ரெண்டு பிள்ளைகள். சட்டையை இஸ்திரி போட்டு, தலையை இழுத்து வாரிக்கொண்டு போனாள். ஃபெலிசா கல்லாவிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. "ரொட்டியும் புதுசா இருக்கணும், விக்கறவளும் புதுசா இருக்கணும்மா" என்று பயோடேட்டாவைத் தள்ளிவிட்டாள். அதே வேலைக்கு வந்து பின்னால் நின்ற ரெண்டு இளம் பெண்கள் சிரித்தார்கள். வேலை இல்லை என்றது அவளுக்குப் பெரிதாக வலிக்கவில்லை. அந்தச் சிரிப்புதான் வீடு வரைக்கும் கூடவே வந்தது. மறுநாளே வந்து புகார் எழுதிக் கொடுத்தாள்.

"எனக்கு மட்டும் யாராவது சட்டம் பேசினாங்களா? போன மாசம் பேங்குல கடன் கேக்கப் போனேன். அங்க ஒரு பொடியன், மீசை கூட மொளைக்கல, 'உங்களுக்கு அறுபத்தொண்ணு ஆயிடுச்சே'ங்கறான். வந்துச்சு பாரு கோவம். ஏன்டா, அறுபத்தொண்ணுன்னா செத்துட்டேனா, நாலு மணிக்கு எந்திரிச்சு மாவு பிசையறது உங்கப்பனான்னு கேட்டேன். மனுசங்கள வயசப் பாத்தா எடை போடறது? இதுக்கெல்லாம் ஒரு சட்டம் வேணாமா?"

ரோவினா இருமினாள். ரொட்டி தொண்டையில் சிக்கிக்கொண்டது.

"மெதுவா சாப்பிடு. ...எல்லாச் சட்டத்தையும் நான் குத்தம் சொல்லலம்மா. அறுபது ஆனவங்களுக்கு மருந்துல தள்ளுபடி குடுக்கறாங்க பாரு, அது நல்ல சட்டம். பஸ்ஸுல எடம் விடறாங்க, அதுவும் நல்ல சட்டம். இந்தக் காயிதச் சட்டம்தான் எவனோ வேலையத்தவன் போட்டது."

உள்ளே யாரையோ கூப்பிட்டார்கள். அவர்களை இல்லை. ஃபெலிசா பெருமூச்சு விட்டாள். குரல் கொஞ்சம் இறங்கியது.

"இப்ப என்ன ஆச்சுங்கற? லட்சணமா ரெண்டு எடுத்தேன். ஒருத்தி சொல்லாமக் கொள்ளாம துபாய்க்குப் பிளேன் ஏறிட்டா. இன்னொருத்தி கல்லா முன்னாடி நின்னு ஆடிக்கிட்டு போன்ல படம் புடிக்கறா. வாங்க வந்தவங்க அவ ஆடி முடிக்கற வரைக்கும் நிக்கணும். திட்டினா அழுவறா. அழுவறதையும் படம் புடிக்கறா. எனக்கு முட்டி வலி, நானே நிக்க முடியல... நீ இப்ப எங்க வேல பாக்கற?"

ரோவினா இல்லை என்று தலையாட்டினாள்.

"வேல இல்லியா? அட... அப்ப நீ எங்கிட்ட வந்துடேன். நெசமாத்தான் சொல்றேன். எவ்ளோ நேரமாப் பேசறேன், ஒரு வார்த்த எதிர்த்துப் பேசல. பொறுமையான பொண்ணு. ரொட்டியக்கூட சிந்தாமச் சாப்பிடற. உனக்கு நாப்பது இருக்குமா? இருக்கட்டும். வயசெல்லாம் ஒரு வயசா? நாளைக்கே வா. எல்லாரும் அக்கா மொறையில மனாங் ஃபெலிசான்னு கூப்பிடுவாங்க, நீயும் அப்படியே கூப்பிடு..."

"பல்மாரெஸ் ரொட்டிக் கடை. ரெண்டு தரப்பும் வாங்க" என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

ரோவினா எழுந்தாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு எழ முடியாமல் திணறிய ஃபெலிசாவுக்குக் கையும் கொடுத்தாள். ஃபெலிசா அந்தக் கையை விடவில்லை. "துணைக்கு உள்ள வா. அந்தப் பொம்பள எப்படிப்பட்டவளோ" என்று காதோடு சொல்லிக்கொண்டே நடந்தாள்.

அதிகாரி ரெண்டு பேரையும், பிடித்திருந்த கைகளையும் பார்த்தார். "ரெண்டு பேரும் ஏற்கெனவே பேசிட்டீங்க போலிருக்கே?"

பஸ்ஸில் வரும்போது முழுக்க ஒப்பித்துக்கொண்டு வந்த பேச்சு ரோவினாவிடம் இருந்தது. சட்டத்தின் பெயர்கூட அதில் இருந்தது. அதில் ஒன்றையும் அவள் எடுக்கவில்லை.

"மனாங் பேசினாங்க சார். நாளைக்கே வேலைக்கு வரச் சொல்லிட்டாங்க. வயசெல்லாம் ஒரு வயசான்னாங்க. அப்ப அந்தக் காயிதத்தையும் கிழிச்சுடுவாங்கன்னு நெனைக்கறேன். அது நடந்தா எனக்குப் போதும்."

ஃபெலிசாவின் கை தானாக விலகியது. முதல் முறையாக ரோவினாவின் முகத்தை நிதானமாகப் பார்த்தாள். காது மடல் சிவந்துபோனது.

"அப்படிச் சொன்னீங்களாம்மா?" என்றார் அதிகாரி.

"சொன்னேன்... சொல்லாம என்ன. சொன்னது சொன்னதுதான்." ஃபெலிசா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "காயிதத்தக் கிழிச்சுடறேன். பசை காஞ்சுபோச்சு, சுண்ணாம்போட வரும், வரட்டும். ஆனா நாலு மணிக்கு அடுப்பு பத்த வெப்போம். லேட்டா வர்றவங்களத் திட்டக்கூடாதுன்னு சட்டம் ஏதும் இல்லையே சார்?"