பம்பு வீட்டில் பெரட்டு

அந்தி ஏழரை மணி... நல்ல மழை. மலேசியாவில் சுங்கை சிப்புட் ஊரைத் தாண்டிப் பழைய ரப்பர் தோட்டத்துக்குள் போகிற செம்மண் சாலை. இரண்டு பக்கமும் செம்பனை மரங்கள். அந்தச் சாலையில் சுகுமாரனுடைய வேன் மட்டும் போய்க்கொண்டிருந்தது. சுகுமாரன் நம்ம தீபனுக்குச் சொந்த மச்சான். தீபன் வாயால் கேட்டதைத்தான் சொல்கிறேன். நம்பாதவர்கள் இப்போதே எழுந்து தனியாக வீட்டுக்குப் போகலாம், நான் தடுக்கவில்லை.

ஆற்றோரப் பம்பு வீட்டில் ஒரு கணினி இருக்கிறது. ஆற்றில் இறக்கிய கருவி அதற்கு நீர்மட்டத்தைச் சொல்லும். தண்ணீர் அளவு மீறினால் கீழ் லயத்தில், தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளில், சங்கு ஊதும். அந்த லயத்தில்தான் சுகுமாரனின் தங்கை கலாதேவி இருந்தாள். புருஷன் சிங்கப்பூரில், வீட்டில் அவள் ஒருத்திதான்.

கணினியைப் புதுப்பித்ததிலிருந்து கருவியின் டிரைவர் வேலை செய்யவில்லை. அதைச் சரிபண்ணத்தான் சுகுமாரன் வந்திருந்தார். டிரைவர் என்றதும் லாரி ஓட்டுகிறவரை நினைக்காதீர்கள். கருவி பேசுவதைக் கணினிக்குப் புரியவைக்கிற சின்ன நிரல் அது. அதை மறுபடி கம்பைல் செய்தால்தான், அதாவது கணினியின் மொழிக்கு மாற்றினால்தான், கணினி ஏற்கும்.

கம்பைல் பாதியில் நின்றது. தப்பு ஒன்றுமில்லை, ஒரே ஓர் எச்சரிக்கை. கருவி தரும் பதிலை யாரும் சரிபார்க்கவில்லையாம். எச்சரிக்கையையும் தப்பாகவே எடுத்துக்கொள் என்று நிரலை எழுதியவன் கட்டளை போட்டு வைத்திருந்தான். நிதானமாகப் பார்த்தால் இரண்டு வரி வேலை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு... சுகுமாரன் அந்தக் கட்டளையையே அழித்துவிட்டார்.

"வார்னிங்தானே லா," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

கம்பைல் முடிந்தது. திரையில் நீர்மட்டம் வந்தது, அபாய அளவுக்கு வெகு கீழே. அப்பாடா என்று சாய்ந்தார்.

அப்போதுதான் அந்த வாடை... புளித்த ரப்பர் பால். அங்கே பால்மரங்களை வெட்டி இருபது வருஷமாகிறது.

பிறகு சத்தம். டங்... டங்... தொங்கவிட்ட இரும்பைத் தட்டுகிற சத்தம். சின்ன வயதில் விடியுமுன் கேட்ட அதே பெரட்டு மணி. ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவார்களே, அதற்கு அடிப்பது.

சுவருக்கு அப்பால், ஆற்றுப் பக்கம், ஒரு குரல்.

"அப்பாவு."

"இருக்கேங்க."

"ராக்காயி."

"இருக்கேங்க."



"கலாதேவி."

பதில் இல்லை.

"கலாதேவி." குரல் இன்னும் கிட்டே வந்திருந்தது.

பெரட்டுக்குப் பிந்தினால் அன்றைக்குப் பேர் போட மாட்டார்கள், கூலி போச்சு. பிந்தியவருக்காகப் பக்கத்தில் நிற்பவர் குரல் கொடுப்பது தோட்டத்து வழக்கம். தன் அம்மாவுக்காக எத்தனையோ விடியலில் சுகுமாரன் கொடுத்திருக்கிறார். அந்தப் பழக்கத்தில் நாக்கு முந்திக்கொண்டது.

"வந்துகிட்டு இருக்குங்க."

மணி நின்றது. வாடையும் போய்விட்டது.

என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கு உறைத்தபோது பாதம் நனைந்திருந்தது. கதவிடுக்கில் தண்ணீர் வழிந்து வந்தது. திரையில் அதே பழைய எண். கருவி பதிலே தரவில்லை, டிரைவர் அதைப் பார்க்காமல் முதலில் வந்ததையே காட்டிக்கொண்டிருந்தது.

மறுபடி கணினி முன் உட்கார்ந்தார். பதில் வராவிட்டால் மறுபடி கேள் என்று இரண்டு வரி எழுதினார். அழித்த கட்டளையைத் திரும்பப் போட்டார். ஓர் எச்சரிக்கையும் வரவில்லை. எண் மளமளவென்று ஏறியது. தூரத்தில் சங்கு ஊதியது.

கலாதேவிக்குப் போன் போட்டார். உடனே எடுத்தாள்.

"மேட்டுக்கு ஓடும்மா. எங்க இருக்கே?"

"நான் அப்பவே கெளம்பிட்டேன் அண்ணே." தூக்கத்தில் பேசுவதுபோல் இருந்தது. "ஒரு அம்மா வந்து கதவத் தட்டுனாங்க. பெரட்டுக்கு நேரமாச்சு, ஒன் அண்ணன் ஒனக்காக சொல்லிட்டாருன்னு கூட்டிட்டு வந்தாங்க. இதோ, பம்பு வீட்டு லைட்டு தெரியுது."

சுகுமாரன் கதவைத் திறந்தார். லைட் எட்டிய மட்டும் வெள்ளம். ஆள் நிற்க ஓர் அடி தரை இல்லை.

"அங்கேயே நில்லு, நகராத. பக்கத்துல யாரும்மா இருக்கா?"

"எல்லாரும் வரிசையா நிக்கிறாங்க அண்ணே," என்றாள். "நடுவுல எனக்கு ஒரு எடம் விட்டு வச்சிருக்காங்க..."